ஓரணாத் தீர்மானம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தபோது, நம்மில் சிலர் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்ததைக் கண்டேன். குழாய் பழுது, மின்கட்டணம், மையவாடிச் சுவர் என்று நீளும் தீர்மானங்களில் என்ன சுவை இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆயினும், இத்தகைய சிறு தீர்மானம் ஒன்று செய்த பெரும் பணியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியின் அன்றாட அலுவல்கள் நம்முடையவற்றைப் போன்றவையே. தெருவிளக்கு, சாக்கடை, சந்தை, அம்மை குத்துதல், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவையே அதன் கவலைகள். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் குடிநீர் வடிகட்டும் நிலையம் செயல்படத் தொடங்கியது. தூய தண்ணீருக்காக அன்று செய்த செலவு எத்தனையோ வீடுகளைக் காலராவிலிருந்து காத்திருக்கும். ஆனால் காக்கப்பட்டவர் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத இயலாது. நிர்வாகப் பணியின் இயல்பே அதுதான்.

அம்மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். முதலமைச்சர் பதவி தம்மைத் தேடி வந்தபோது ஏற்க மறுத்தவர். அவர் காலத்தில், 16.9.1920 அன்று மன்றத்தின் முன் ஒரு முன்மொழிவு வந்தது. பள்ளிவாசலால் பெயர் பெற்ற ஆயிரம் விளக்குப் பகுதியில் இயங்கிய மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட வேண்டும் என்பதே அது. பிள்ளைகள் மிகவும் ஏழைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் பாதிக்கப்படுகிறது என்று தலைவர் எடுத்துரைத்தார். மன்றம் ஒப்புதல் அளித்தது.

இத்தீர்மானத்தின் இரு பண்புகளைக் கவனியுங்கள். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள், பெற்றோரின் அலட்சியம் என்று பழிபோட்டு முடித்துவிடவில்லை, பசியைக் கண்டார்கள். அதே வேளையில், பொதுப்பணம் என்பதால் செலவுக்கு வரம்பும் கட்டினார்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஒரு ரூபாய் பதினாறு பிள்ளைகளின் ஒருநாள் பசியைப் போக்கியது. இரக்கமும் கணக்கும் ஒரே வரியில் இடம்பெற்றன.

பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, 1924-25இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்கு மேல்!

எனினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று அரசு 1.4.1925 முதல் தடுத்துவிட்டது. பயனில்லை என்பதன்று காரணம். எந்த நிதியின் கீழ் எழுதுவது என்பதே சிக்கல். கணக்குத் தலைப்பு சரியாக இருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பைத் தேடும் நாட்களில் பிள்ளையின் வயிறு காத்திராது, பெருமக்களே!

அன்று தடைப்பட்டாலும் அந்த எண்ணம் மடியவில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. 1920இல் கை உயர்த்திய உறுப்பினர்களுள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் இட்ட விதை மட்டும் இன்றும் பந்தியில் பரிமாறப்படுகிறது.

நானும் ஓதிய காலத்தில் வெறும் வயிற்றோடு பாடத்தில் அமர்ந்தவன்தான். உஸ்தாதின் குரல் காதில் விழும். பொருள் மனத்தில் ஏறாது. ஆகவே இதனை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை.

நம் மக்தபில் இவ்வாண்டு இடையில் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிக்கை கூறுகிறது. ஏன் நின்றார்கள் என்று அது கூறவில்லை. அடுத்த கூட்டத்திற்கு முன்னர், ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று அதனைக் கேட்டுவருவது நம் முதல் தீர்மானமாகட்டும். விடை பசி என்றால், நம் ஓரணா எது என்பதைப் பிறகு முடிவு செய்வோம்.