கடல் கடந்த கல்வியும் கைப்பொருளும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் உப்புவெளி என்னும் ஊர் இருக்கின்றது. கடற்றொழில் செய்வோர், உல்லாச விடுதிகளில் வேலை பார்ப்போர், துறைமுகத்தையும் அரச அலுவலகங்களையும் நம்பி வாழ்வோர் எனப் பலதிறப்பட்ட மக்கள் அங்கே குடியிருக்கின்றனர். கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் காலத்தில் இவ்வூர் வீடுகள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. பிள்ளை சித்தியடைந்துவிட்டது, ஆயினும் விரும்பிய துறைக்குரிய வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இனிச் செய்யத்தக்கது யாது? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? அனுப்புவதாயின் பணத்துக்கு வழி என்ன?

உப்புவெளியில் கேட்கும் இவ்வினா இலங்கை முழுவதிலும் கேட்கும் வினாவேயாகும். அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகம் புகத் தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோரோ அவருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமையின்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. இச்சலுகையிருந்தும் வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் பலர். அவர்களை நோக்கியே விளம்பரங்கள் வருகின்றன; முகவர்கள் வருகின்றனர். காணி உறுதி ஈட்டுக்குப் போகின்றது. தாயின் நகை அடகுக்குப் போகின்றது. ஆதலின், குறைந்த செலவில் கடல் கடந்து கற்பது எவ்வாறு என்பதனை அமைதியாக இருந்து ஆராய்வது ஒரு குடும்பத்தின் வாழ்வையே காக்கும் செயலாகும்.

கடல் கடந்து கற்கும் வழக்கம் ஈழத்தவருக்குப் புதியதன்று. 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய இருவரும் யாழ்ப்பாணத்தவர்களே. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. திருகோணமலையும் இதிற் பின்னிற்கவில்லை. தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவர்தம் இளவல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இம்மண்ணிற் பிறந்து சென்னைக்குச் சென்று கற்றவர்கள். மூத்தவர் பட்டம் பெற்றுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். இளையவர் சென்னை மாநிலக் கல்லூரியோடு தொடர்புற்று, 1895ஆம் ஆண்டில் மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டார். தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல் இதுவென்பர்.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு கரைகளிலும் புகைவண்டியுமாகப் பயணம் எளிதாயிற்று. 1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வழி நடந்தது. சென்னைக்குச் செல்லும் மாணவருக்குக் கொழும்பிற் குடியேறுவதிலும் அது பெரிய செலவாகத் தோன்றவில்லை. மொழி ஒன்று, உணவு ஒன்று. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் இத்தொடர்பு மேலும் வலுத்தது.

ஊரைவிட்டு அகலாமலே வெளிநாட்டுப் பட்டம் பெற்றாரும் உளர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன், 1920ஆம் ஆண்டில், தாமே பயின்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையில் தேறினார். 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரி மாணவருக்குத் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டிருந்தமையால் இது கைகூடிற்று. பின்னர்த் திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். கப்பற் கட்டணமே கொடாமற் பெற்ற பட்டம் அது. இவ்வழி இன்றும் அடைபட்டுவிடவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் இன்றும் தொலைவிலிருந்து கற்பிக்கின்றது; கணினியும் இணையமும் விபுலாநந்தர் காலத்தில் இல்லாத துணைகள்.

இனி, மலிவான வெளிநாட்டுக் கல்வி என்பது யாது என்று பார்ப்போம். விளம்பரத்திற் குறிக்கப்படும் கட்டணம் குறைவாயிருப்பது மட்டும் மலிவு ஆகாது. குறைந்த செலவுக் கல்வி மூவகைப்படும் எனலாம்.

முதலாவது, முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வாயிலாக இந்திய அரசு வழங்கும் பரிசில்கள் இவ்வகையைச் சார்ந்தன. பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுநிலைப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் என அவை வகுக்கப்பட்டுள்ளன. கல்விக் கட்டணத்தோடு மாதாந்த உதவித்தொகையும் புத்தகச் செலவும் விமானப் பயணச் செலவும் அவற்றுள் அடங்கும். மருத்துவப் படிப்பு அவற்றிற் சேராது. சீன அரசும் பரிசில்கள் வழங்குகின்றது. முதுநிலைப் படிப்பை நாடுவோருக்குப் பொதுநலவாய நாடுகளின் புலமைப்பரிசில் 1960 முதல் இருந்து வருகின்றது.

இரண்டாவது, கட்டணம் இல்லை, ஆனால் வாழ்க்கைச் செலவு மாணவருடையது என்னும் வகை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மனி. அந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. ஆனால் நுழைவனுமதி பெறவேண்டின், ஓராண்டுச் செலவுக்குப் போதிய பணம் உண்டென்று காட்டுதல் வேண்டும். 2024ஆம் ஆண்டுப் புரட்டாதியில் அத்தொகை 11,904 யூரோ என வரையறுக்கப்பட்டது. அது முடக்கப்பட்ட கணக்கொன்றில் இடப்பட்டு, மாதத்துக்கு 992 யூரோவாக மாணவருக்கே திரும்பிவரும். யூரோ ஒன்று 300 ரூபா என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இது முப்பத்தைந்து இலட்சத்தைத் தாண்டும். எனவே ‘இலவசம்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே உவகை கொள்ளலாகாது. பட்டப்படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பதால், மொழி கற்கும் காலத்தையும் செலவையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். ரஷ்ய அரசு ஒதுக்கும் இடங்களும் ஏறக்குறைய இத்தகையனவே. அங்கே கட்டணம் இல்லை. சிறு உதவித்தொகை உண்டு. பயணச் செலவு மாணவரைச் சாரும். முதலாண்டு பெரும்பாலும் ரஷ்ய மொழி பயில்வதிலே கழியும்.

மூன்றாவது, கட்டணமும் செலவும் மாணவருடையனவே. ஆனால் இரண்டும் ஓரளவு குறைவு. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவும் மலேசியக் கல்லூரிகள் சிலவும் இவ்வகையின. இங்கே கவனிக்கவேண்டியது, உள்நாட்டு மாணவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டு மாணவருக்கு வேறொரு கட்டணமும் இருக்கக்கூடும் என்பதே. அயலூர்ப் பிள்ளை செலுத்திய தொகையைக் கேட்டறிந்து அதையே நம்பிச் செல்வது ஏமாற்றத்தில் முடியலாம்.

பழைய செய்தியை நம்புவதிலும் இதே இடர் உண்டு. வட ஐரோப்பிய நாடுகளிற் கல்வி இலவசம் என்று இன்றும் ஊரிற் பேசுவர். டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நோர்வே 2023இலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. பத்தாண்டுகளுக்கு முன் நோர்வேக்குச் சென்ற உறவினர் கூறுவது பொய்யன்று. ஆனால் அது இன்றைய உண்மையுமன்று.

பணக் கணக்கைப் போடும் முறையொன்றும் உண்டு. தாளொன்றை எடுத்து நான்கு வரிகள் எழுதுக. முதல் வரியில் படிப்பு முடியும்வரை செலுத்தும் மொத்தக் கட்டணம், ஓராண்டுக் கட்டணமன்று. இரண்டாம் வரியில் உணவு, உறையுள், மருத்துவக் காப்புறுதி, குளிர்நாடாயின் உடை. மூன்றாம் வரியில் பயணம், நுழைவனுமதி, மொழிப் பரீட்சை, மொழிபெயர்ப்புச் செலவு. நான்காம் வரியில் நாணய மாற்றுக்கென ஒதுக்கும் மேலதிகத் தொகை. இந்நான்காம் வரியை எழுதாதவர்கள் 2022ஆம் ஆண்டிற் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அவ்வாண்டு மாசி மாதத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. வைகாசியில் 350 ரூபாவுக்கு மேல். ஆண்டுக்கு 5,000 டொலர் செலுத்திய குடும்பத்துக்குப் பத்து இலட்சமாயிருந்த சுமை, மூன்று திங்களுள் பதினேழரை இலட்சமாயிற்று. கல்லூரி தன் கட்டணத்தில் ஒரு சதமும் கூட்டவில்லை. ஆயினும் நடுவழியிற் படிப்பை விட்டுத் திரும்ப வேண்டிய நிலை வந்தது.

பணத்துக்கு அடுத்தது பட்டத்தின் மதிப்பு. திரும்பி வந்து இலங்கையில் உத்தியோகம் பார்க்க விரும்புவோர், தாம் சேரவிருக்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளுமா என்பதனைப் புறப்படுமுன்னரே அறிதல் வேண்டும். மருத்துவம் கற்கச் செல்வோருக்கு இது இன்னும் இன்றியமையாதது. இலங்கை மருத்துவச் சபை ஏற்றுக்கொண்ட கல்லூரியாயிருத்தல் வேண்டும். அச்சபை விதித்த உயர்தரப் பெறுபேறும் இருத்தல் வேண்டும். பட்டம் பெற்று வந்தபின் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென நடத்தப்படும் பதிவுப் பரீட்சையிலும் தேறுதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் ஆறாண்டு உழைப்பும் காணி விற்ற பணமும் பயன்படாமற் போகும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். முகவர் அனைவரும் தீயரல்லர். நேர்மையாய் உதவுவோரும் உளர். ஆயினும் சில முகவர் கல்லூரியிடமிருந்து தரகு பெறுபவர் என்பதனை நினைவிற் கொள்க. அவ்வாறாயின், அவர் காட்டும் கல்லூரி பிள்ளைக்கு ஏற்றதா, அவருக்கு ஏற்றதா என்று கேட்பது குற்றமாகாது. மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் பிறர் கையில் விட்டுவைத்தல் கூடாது. பணம் செலுத்துவதாயின் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே நேரே செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுக. ‘இன்று மாலைக்குள் பணம் கட்டாவிடின் இடம் போய்விடும்’ என்று யாரேனும் அவசரப்படுத்தினால், அன்று மாலை கட்டாதிருப்பதே அறிவுடைமை.

விண்ணப்பம் என்பது ஒரு நாளில் முடியும் காரியமன்று. புறப்படும் நாளுக்கு ஓராண்டுக்கு முன்னரே தொடங்குதல் நன்று. பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அதிபரின் நற்சான்றுப் பத்திரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காய் வைத்தல் வேண்டும். தமிழிலுள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலப்படுத்துதல் வேண்டும். இங்கே ஒரு சிறு பிழை பெருந்துன்பம் விளைப்பதுண்டு. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலும், பெறுபேற்றுச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டலும், கடவுச்சீட்டில் மூன்றாவதுமாகப் பெயர் இருந்தால், தூதரகத்தார் மூவரா ஒருவரா என்று ஐயுறுவர். உயர்தர வகுப்பிலே பயிலும்போதே இதனைத் திருத்திக்கொள்வது பாடசாலைகள் கற்பிக்கத்தக்க பாடமாகும். ஆங்கில அறிவோ உயர்தரம் முடிந்தபின் மூன்று மாதத்தில் வாங்கிவிடக்கூடிய பொருளன்று. ஆறாம் வகுப்பிலிருந்தே வளர்க்கவேண்டிய பயிர்.

உள்ளூரிற் கிடைக்கும் இடத்தை இகழ்ந்து வெளிநாடு தேடுவதும் தக்கதன்று. உப்புவெளிக்கு வடக்கே, நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. சித்த மருத்துவம், தொடர்பாடல், வணிகம், கணினி விஞ்ஞானம் முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. அரச பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. தகுதியுடையோருக்கு மகாபொல உதவியும் உண்டு. இங்கே பட்டம் பெற்று, முதுநிலைப் படிப்புக்குப் பரிசிலோடு வெளிநாடு செல்வது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழியாகும். பதினெட்டு வயதிற் கடனோடு செல்வதிலும், இருபத்து மூன்று வயதிற் பரிசிலோடு செல்வது மேலன்றோ? பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் இது மனவமைதி தரும். ஆனால் அத்தயக்கம், பரிசில் பெற்ற மகளைத் தடுத்து நிறுத்தும் விலங்காகிவிடக் கூடாது.

இவ்விடத்தில் வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள இந்தோனேசியாவை நோக்குவது பயனுடைத்து. அங்கும் பல தீவுகளிலிருந்து பிள்ளைகள் குறைந்த செலவிற் கற்க வெளிநாடு நாடுகின்றனர். அந்நாட்டு அரசு பெருநிதியொன்றை மூலதனமாக இட்டு, அதன் வருவாயைக் கொண்டு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உயர்கல்வி கற்கப் பரிசில்கள் வழங்கி வருகின்றது. பின்தங்கிய பகுதிகளிலிருந்து வருவோருக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பரிசில் பெற்றோர் கற்றபின் நாடு திரும்பிப் பணியாற்றுதல் வேண்டும் என்பது நிபந்தனை. ஏழைப் பிள்ளையின் கல்வியைத் தரகரிடமும் அடகுக் கடையிடமும் விட்டுவிடாது, நாடே பொறுப்பேற்கும் முறை இது. இத்தகைய நிதியொன்றை ஊரளவிலேனும், பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாடுகளில் வாழும் உறவினரும் சேர்ந்து அமைக்கலாம். கோயில் திருப்பணிக்குக் கை கொடுக்கும் அவ்வுறவினர் இதற்கும் கொடுப்பர். ஆண்டுக்கு ஒரு மாணவரின் மொழிப் பரீட்சைக்கும் விமானச் சீட்டுக்கும் உதவினாலும் அது பெருந்தொண்டே.

கல்வி தேடிக் கடல் கடப்பது இம்மண்ணின் பழைய துணிவு. துணிவோடு கணக்கும் வேண்டும். காணியை ஈடு வைக்குமுன் நான்கு வரிக் கணக்கை எழுதுக. கையொப்பம் இடுமுன் ஆணைக்குழுவிடம் கேட்டறிக. முகவரை நாடுமுன் பிள்ளை கற்ற பாடசாலையின் ஆசிரியரை நாடுக. அவருக்கு எல்லாம் தெரியாதிருக்கலாம். ஆயினும் அவர் சொல்லும் சொல்லுக்கு அவர் தரகு பெறுவதில்லை.