உடல் ஓர் அமானிதம்: மார்பகப் புற்றுநோயும் மஹல்லாவின் பொறுப்பும்

(மஹல்லா குடும்ப நலக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பள்ளிவாசலில் பேசலாமா எனச் சிலர் தயங்கக்கூடும். மாதவிடாய், குளிப்பு, பாலூட்டல் ஆகியவை பற்றிய சட்டங்களை நாம் மத்ரஸாவில் அமர்ந்து ஓதித்தான் கற்றோம். மார்க்கச் சட்டத்தைக் கற்பதற்குக் குறுக்கே வராத வெட்கம், உயிரைக் காக்கும் செய்திக்கு மட்டும் குறுக்கே வரலாகாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணுவதும் கடமையே.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 98,000 பேர் இதனால் மரணித்தனர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இத்தனை உயிர்கள் போவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, நோயாளி மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதாகும். நோய் மார்பகத்தின் அளவில் நிற்கும்போது கண்டுபிடித்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பலருக்கு மார்பகத்தை முழுதாக அகற்றவும் தேவைப்படுவதில்லை. எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிய பின்னர் வேதனையும் செலவும் பன்மடங்காகின்றன; பூரண குணம் அரிதாகிவிடுகிறது.

தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையே என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து. மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஒரு பக்கத்தின் வடிவம் மாறுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்றுநோய், எது அல்ல என்பதை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க இயலாது. கையால் தொட்டுப் பரிசோதித்து, ஸ்கேன் அல்லது மேமோகிராம் எடுத்து, தேவையானால் ஊசி மூலம் சிறிதளவு சதை எடுத்துச் சோதிக்கின்றனர். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்னும் பேச்சு உண்மையன்று.

பரிசோதனை என்றாலே பணம் என்று நினைத்து ஏழைக் குடும்பங்கள் அஞ்சுகின்றன. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, அப்பெண்களிடம் நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளைய வயதினரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் பயிற்சி பெற்ற கை பயன் தரும் என்பதே இதன் படிப்பினை.

30 வயது முதல் பெண்களுக்கு அத்தகைய பரிசோதனை நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சந்தேகம் எழுந்தால் அங்கிருந்தே பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது.

அப்படியிருந்தும் நம் பெண்கள் போகாமல் இருப்பது ஏன்? "அவர் சபரிலிருந்து வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதங்களைக் கடத்துகின்றனர். "மகளின் நிக்காஹ் முடியட்டும், வெளியில் தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும்" என்று மறைக்கின்றனர். "ஆண் டாக்டர் பார்ப்பாரோ" என்று அஞ்சுகின்றனர். இவற்றுள் எதுவும் பெண்ணின் குற்றமன்று. நாம் அமைத்து வைத்த சூழலின் விளைவு.

பெண் மருத்துவரை நாடுவதே முறை. அவர் கிடைக்காதபோது, மற்றொரு பெண்ணோ மஹ்ரமோ உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளனர். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, நபிகளாரின் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியே என்பது வரலாறு. வெட்கம் ஈமானைச் சார்ந்தது. மருந்தைத் தடுப்பது அதன் வேலையன்று.

ஆகவே நிர்வாகத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, பெண்கள் மத்ரஸா கூடத்திற்கு ஆண்டுக்கு இருமுறை சுகாதார நிலையப் பெண் செவிலியரை அழைத்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது, மேல் பரிசோதனைக்குச் செல்லும் சகோதரியுடன் துணைக்கு ஒரு பெண்மணியை அனுப்பி, வழிச்செலவைப் பைத்துல்மாலிலிருந்து தர வேண்டும். காப்பீடு இருந்தாலும் பேருந்துக் கட்டணமும் போன நாளின் கூலியும் ஏழையின் காலைக் கட்டிவிடுகின்றன. மூன்றாவது, ஜகாத்துக்குத் தகுதியுள்ள நோயாளிக்கு அத்தொகையை அவரது உடைமையாகவே ஒப்படைக்க வேண்டும். நான்காவது, எந்தச் சகோதரியின் பெயரும் நோட்டீஸ் பலகையிலோ கூட்டத்திலோ வெளிவரலாகாது.

நோய்க்குறியோடு ஒரு பெண் மருத்துவரை அணுகிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது, 2021இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சியின் இலக்குகளுள் ஒன்று. நம் மஹல்லாவும் அந்த 60 நாளைக் கணக்காக வைத்துக்கொள்ளட்டும்.

கணவன்மார்களே! நீங்கள் சபரில் இருந்தால் இன்றிரவே தொலைபேசியில் சொல்லுங்கள்: "என் வருகைக்காகக் காத்திராதே, நாளைக்கே போய்க் காட்டிவிட்டு வா." அனுமதிக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லே பாதி மருந்து. நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.