கம்ப்யூட்டரில் ஓடும் ஆலை

(பென்னலூரில் நடந்த தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வாரம் ஓர் இளம் தோழர் என்னைத் தேடி வந்தார். அவர் வேலை செய்யும் லைனில் ஐந்து பேர் செய்துவந்த வேலையை இனி நாலு பேர் செய்ய வேண்டுமாம். ஏனென்று கேட்டதற்கு நிர்வாகம் சொன்ன பதில்: "கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாயிற்று. நாலு பேர் போதும்." "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டால் நாம் என்ன தோழர் பேச முடியும்?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

நான் மெட்ரிக் வரை படித்தவன். இதே ஊரில் இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். ஆனாலும் விஷயம் நமக்கு எட்டாதது அல்ல.

வகுப்பு தொடங்குமுன் ஐந்து தோழர்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு விளையாட்டு நடத்தினோம். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பகடை. முதல் தோழர் உருட்டுவார். எத்தனை விழுகிறதோ அத்தனை புளியங்கொட்டையை அடுத்தவரிடம் தள்ளுவார். அடுத்தவரும் உருட்டுவார். ஆனால் தன் முன்னால் இருப்பதற்கு மேல் அவர் தள்ள முடியாது. ஆறு விழுந்தாலும், இரண்டு கொட்டைதான் கிடந்தால் இரண்டுதான். இப்படிப் பத்துச் சுற்று. பகடையின் சராசரி மூன்றரை. ஆகவே ஏட்டுக் கணக்குப்படி 35 கொட்டை வெளியே வர வேண்டும். வந்தது 24. முதல் தோழர் தள்ளியதோ 36! மீதி 12 நடுவிலே தேங்கிக் கிடந்தது.

இதில் யார் சோம்பேறி? ஒருவரும் இல்லை. ஒருவருக்குக் குறைவாக விழுந்தால் அந்தக் குறைவு கடைசி ஆள் வரை போகிறது. அதிகமாக விழுந்தால் அந்த அதிகம் போய்ச் சேருவதில்லை, வழியிலே குவிகிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் இதே விளையாட்டைத்தான் ஆடுகிறது. பகடைக்குப் பதிலாக ஒவ்வொரு யந்திரத்துக்கும் எத்தனை விநாடி, எப்போது பழுதாகும், லாரி எப்போது வரும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷ உற்பத்தியைச் சில நிமிஷத்தில் ஓட்டிக் காட்டிவிடும்.

இந்தக் கணக்கின் வேர் டெலிபோனில் இருக்கிறது. 1909-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை இணைப்பு இருந்தால் ஜனங்கள் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று ஆராய்ந்து எழுதினார். வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது நெல் கொள்முதல் நிலைய வரிசை. வண்டிகள் முன்பின்னாக வருகின்றன. எடை போடும் நேரமும் கூடிக் குறைகிறது. இருப்பது ஒரு தராசு. அந்தத் தராசு நாளில் 80 சதவீத நேரம் வேலை செய்தால், அங்கே சராசரி 4 வண்டி நிற்கும். 90 சதவீதம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19! வேலை கொஞ்சம்தான் கூடியது. வரிசையோ மடங்கு மடங்காக நீண்டது. நூறு சதவீதம் வேலை வாங்க நினைத்தால் வரிசைக்கு முடிவே கிடையாது. நெல் மழையில் நனையும்.

மில் தோழர்களுக்கு இது புதிதல்ல. சைடு பார்ப்பவரிடம் எத்தனை கதிர் ஒப்படைக்கலாம் என்பதும் இதே கணக்குதான். அறுந்த இழை ஒவ்வொன்றும் அவருக்காக வரிசையில் நிற்கிறது. இரண்டு அறுதல் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். வேலைப்பளுத் தகராறு பேசும்போது சராசரி அறுதலை மட்டும் காட்டி ஏமாற்றினால், இதைச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை ஆலைகள் பரவின. சீட்டும் கண்ணாடியும் கம்பிச் சுருளும் பக்கத்து ஆலைகளிலிருந்து வேளை பார்த்து வந்து இறங்குகின்றன. சரக்கைக் குவித்து வைப்பது நஷ்டம் என்பது முதலாளிகளின் சித்தாந்தம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்குள்ள கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. இடைவெளியே இல்லாமல் இழுத்துக் கட்டிய கயிறு ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் சரிகிறது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலைத் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அசெம்பிளி லைனில் ஆளுக்கு ஆள் இடைவெளி இல்லை என்பதே புகார். கார்களுக்கிடையே காலி இடம் விடுவது பற்றித்தான் அங்கே வாதம். நிர்வாகத்தின் கண்ணுக்கு அந்தக் காலி இடம் வீண். நமக்கோ அது மூச்சு.

இனி, அந்த இளம் தோழரின் நாலு பேர் கணக்கு. ஒரு வேலைக்கு 57 விநாடி என்று எழுதியிருப்பார்கள். யார் அளந்தது? காலையில் முதல் மணியிலா, எட்டாவது மணியிலா? ஒரு தடவை 50, ஒரு தடவை 66 ஆவதைச் சேர்த்தார்களா, அல்லது எப்போதும் 57 என்றே வைத்தார்களா? எப்போதும் 57 என்றால், அது பகடை உருட்டாத பகடை விளையாட்டு. 35 கொட்டையும் வந்துவிடும்! மூத்திரத்துக்குப் போகும் ஆளுக்கு மாற்று ஆள் அந்தக் கணக்கில் உண்டா? கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை, ஊட்டியதைத்தான் சொல்கிறது. ஊட்டும் கை யாருடையது என்பதே கேள்வி.

இதைக் கேட்டவர்கள் உண்டு. நார்வே நாட்டில் கிறிஸ்தன் நைகார்ட், ஓலே-யொஹான் டால் என்ற இருவர் 1960-களில் சிமுலா என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். ஆலைகளை இப்படி ஓட்டிப் பார்ப்பதற்கென்றே பிறந்த மொழி. இன்றைய மொழிகள் பலவற்றுக்கு மூதாதை. ஆனால் தன் கருவி தொழிலாளியின் வேலையை எப்படி மாற்றுகிறது என்று கண்ட நைகார்ட் சும்மா இருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டு இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, இதையெல்லாம் தொழிலாளர்களே படித்து எடை போடும்படி வேலை செய்தார். 1975-ல் அங்கே தொழிற்சங்க சம்மேளனமும் முதலாளிகள் சம்மேளனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆலைக்குள் வரும் கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைப் பற்றித் தொழிலாளர்களுக்குத் தகவல் தர வேண்டும். அதைக் கவனிக்கத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். 2001-ம் ஆண்டுக்கான டூரிங் பரிசை நைகார்டும் டாலும் பெற்றார்கள்.

நமக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஆனால் நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. அந்த லைன் தோழர்கள் திங்கட்கிழமை முதல் குறித்து வருகிறார்கள்: லைன் எத்தனை தடவை நின்றது, எதற்காக, எத்தனை நிமிஷம். அடுத்த ஞாயிறன்று அந்தக் கணக்கை வைத்து, நாலு பேரோடு ஒரு தடவை, ஐந்து பேரோடு ஒரு தடவை இங்கே ஆடிப் பார்ப்போம். புளியங்கொட்டை நான் கொண்டுவருகிறேன். பகடை வீட்டில் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள்.