பயிர்நலமும் கொல்லா நெறியும்

 

நம்முள் பலர் ஆலைப்பணி நாடி ஓசூருக்கு வந்தவர்களாயினும், நம் முன்னோர் தொழில் உழவே. இயற்கைமுறைப் பூச்சி மேலாண்மை என்றவுடன், அஃது உயிர்க்கொலையற்றது எனக் கருதுகிறோம். அக்கருத்தைச் சற்றே ஆராய்வோம்.

2008-ஆம் ஆண்டு கோவையில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றிப் பரவியது. மெழுகு போர்த்திய அதன் உடலில் மருந்து எளிதில் படியவில்லை. 2010-இல், நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருவின் பூச்சி ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்னும் நுண்குளவியை வருவித்தது. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடும். அதில் தோன்றும் புழு அப்பூச்சியையே உண்டு வளரும். குளவிகளை விட்டபின் மாவுப்பூச்சி அடங்கியது; நஞ்சு தெளிக்கும் தேவையும் குறைந்தது.

நஞ்சுக்கு இரையாகும் தேனீக்கள் தப்பின, மாவுப்பூச்சிகள் மடிந்தன. ஆகவே இஃது இம்சையைக் குறைத்த வழியேயன்றி, இம்சையற்ற வழியன்று.

உழும் இல்லறத்தார்க்குத் தொழில்வழி இம்சையை முற்றும் விலக்க இயலாது என்பதை நம் அறநெறி உணர்ந்துள்ளது. அதனைக் குறைப்பதைக் கடமையாகவும் வைத்துள்ளது. ஆதலின், வருமுன் காப்பதே முதற்படி. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் காய்க்குக் காகித உறையிட்டால், பழ ஈ அதில் முட்டையிட இயலாது. கொல்ல வேண்டிய புழுவும் தோன்றாது. கவாத்து செய்து ஒளியும் காற்றும் புகவிட்டால் நோய் குறையும். இவற்றிற்குக் கூலி கூடும்; அதுவே அறத்திற்கு நாம் தரும் விலை.

காத்தும் இயலாதபோது குளவியை நாடுவோம். நஞ்சைக் கடைசியில் வைப்போம். மாடியில் தொட்டிச்செடி வளர்ப்போரும் இவ்வரிசையைப் பேணலாம்.