கொள்ளைநோயும் மனக்கிலியும்

(கிராமவாசிகள் கூடிய சபையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கொள்ளைநோய் ஓர் ஊருக்குள் நுழையுமுன் அதன் கட்டியக்காரனைப்போல் பயம் நுழைந்துவிடுகிறது. வாந்திபேதி அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகிறது. பிளேக் என்னும் மகாமாரி எலியின்மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் வருகிறது. பயமோ ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு மற்றொருவர் காது வழியே உட்புகுகிறது. முன்னவற்றிற்கு மருந்தும் தடுப்பும் உண்டு என்பதை இக்காலத்தில் அநேகர் அறிவர். பின்னதற்கும் பரிகாரம் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. அப்பரிகாரம் இன்னதென விளக்குவதே இவ்வுபந்நியாசத்தின் நோக்கமாகும்.

பயமே கூடாது என்று சொல்வது விவேகமன்று. மேட்டில் நின்று வெள்ளத்தைப் பார்ப்பவன் பயப்படுவதனாலேயே கரையை உயர்த்துகிறான். அளவான பயம் காவற்காரன். அளவு கடந்த பயம் கொள்ளைக்காரன். காவற்காரனாயிருந்த பயம் எப்பொழுது கொள்ளைக்காரனாக மாறுகிறது என்பதைச் சென்ற காலத்துச் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது.

பம்பாயும் பூனாவும்

1896-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாய் நகரத்தில் மாண்டவி என்னும் பகுதியில் மகாமாரி தோன்றியிருப்பதை டாக்டர் வியேகாஸ் என்பவர் கண்டு வெளியிட்டார். சில மாதங்களுக்குள் அந்நகரத்து ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினர். ரயிலிலும் கப்பலிலும் வண்டியிலும் அவர்கள் சென்றவிடமெல்லாம் சிலரோடு நோயும் சென்றது.

அடுத்த வருஷம் சர்க்கார் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றினர். பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பெண்டிர் இருக்கும் அறைகளிலும் பூஜை அறைகளிலும் அந்நியர் நுழைந்ததனால் ஜனங்களின் மனம் கொதித்தது. நோய்க்கு அஞ்சியதைவிட நோயைத் தடுக்க வந்தவர்களுக்கே அவர்கள் அதிகம் அஞ்சினர். விளைவு யாதெனில், நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். இறந்தவர்களை இரகசியமாக அப்புறப்படுத்தினார்கள். 1897-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி இரவு பிளேக் கமிட்டித் தலைவர் ராண்ட் துரை சுடப்பட்டு, சில நாட்களில் உயிர் துறந்தார். ஜனங்களின் நம்பிக்கையை இழந்த சுகாதார ஏற்பாடு எவ்வளவு பலமுள்ளதாயினும் பயன்படாது என்பதற்கு இதனினும் வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

அதே 1897-ஆம் வருஷம் ஜனவரியில் ஹாப்கின் என்னும் விஞ்ஞானி தாம் தயாரித்த பிளேக் தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டு பரீட்சை செய்தார். ஆயினும், 1902-ஆம் வருஷம் பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் இசிவு நோயால் மாண்டனர். பழி முழுவதும் ஹாப்கின் மீது விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்பது தெளிவாக 1907-ஆம் வருஷம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு குப்பியில் நேர்ந்த பிழையை உடனே ஆராய்ந்து உண்மையைப் பகிரங்கமாகச் சொல்லாவிடில், நல்ல மருந்தின்மேலும் பயம் படர்ந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்து நிகழ்ச்சிகள்

இவை பழங்கதைகள், படிப்பறிவு பெருகிய காலத்தில் இவ்விதம் நேராது என்று எண்ணுவோர் 1994-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்த்தல் நலம். அவ்வருஷம் செப்டம்பர் மாதம் சூரத் நகரத்தில் சுவாசத்தால் பரவும் பிளேக் என்ற செய்தி பரவிற்று. சில நாட்களுக்குள் பல லட்சம் பேர் அந்நகரத்தை விட்டு ஓடினர். ஓடியவர்களில் வைத்தியர்களும் இருந்தனர். மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரைகள் தீர்ந்துபோயின. நோய் இல்லாதவர் வாங்கிச் சேர்த்துக்கொண்டதனால் நோயாளிக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அந்நோயால் நாடெங்கும் இறந்தவர் தொகை அறுபதுக்கும் குறைவே. உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் பிளேக் குணமாகும் என்பது அதற்கு வெகு காலத்திற்கு முன்பே தெரிந்த விஷயம்.

2020-ஆம் வருஷம் கொரோனா நோய் வந்தபோது மார்ச் 25-ந் தேதி முதல் தேசமெங்கும் நடமாட்டம் நிறுத்தப்பட்டது. கூலி இழந்த தொழிலாளர் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊர்களை நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்தனர். அவர்களை ஓடச் செய்தது நோய்ப்பயம் மட்டுமன்று. நாளைய சோற்றுக்கு என்ன வழி என்னும் கவலையும் சேர்ந்திருந்தது. சென்னையிலோ அவ்வருஷம் ஏப்ரல் மாதம், அந்நோய்க்குப் பலியான வைத்தியர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய ஒட்டாமல் ஒரு கூட்டத்தார் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கினர். அக்கூட்டத்தார் பிறவியிலேயே கொடியவர்கள் என்று கொள்ளுதல் தகாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தக்க பாதுகாப்புடன் அடக்கம் செய்யப்படும் உடலால் அக்கம்பக்கத்தாருக்கு அபாயமில்லை என்ற ஒரு வார்த்தையை, அவர்கள் நம்பும் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருப்பின் அந்த அவமானம் நேர்ந்திராது.

அந்நோயின் முதல் வருஷத்தில் மனக்கவலையும் மனச்சோர்வும் உலகமெங்கும் நூற்றுக்கு 25 பங்கு வீதம் அதிகரித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ஆம் வருஷம் அறிவித்தது. ஆகையால் கொள்ளைநோய்க் காலத்தில் மனம் கலங்குகிறவர் தம்மைக் கோழை என்று நொந்துகொள்ள வேண்டுவதில்லை. அவரைப்போன்றவர் கோடிக்கணக்கானோர்.

ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வழி

பயத்தை அடக்கும் முதல் மருந்து, வந்திருக்கும் நோய் எவ்விதம் பரவுகிறது என்பதைத் திட்டமாக அறிதல். இதை அறியாதவன் எல்லாவற்றிற்கும் அஞ்சுவான். அறிந்தவன் அஞ்சவேண்டியதற்கு மட்டும் அஞ்சுவான்.

எலி செத்து விழுந்தவுடன் வீட்டைக் காலி செய்து வயற்காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தங்கும் வழக்கம் முற்காலத்தில் பல கிராமங்களில் இருந்தது. எலித்தெள்ளு நோயைக் கொணர்கிறது என்று 1898-ஆம் வருஷம் சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கண்டறிந்தபின், அவ்வழக்கம் காரணமுள்ளது என்பது புலப்பட்டது. ஆனால் வாந்திபேதிக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் ஓடுவதோ, அந்நோயைப் புதிய கிணற்றுக்கும் குளத்துக்கும் கொண்டு சேர்ப்பதாகும். அதற்கு வேண்டுவது காய்ச்சிய தண்ணீரும் கை கழுவுதலுமே. சுவாசத்தால் பரவும் நோய்க்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கூட்டம் தவிர்த்தலும் உதவும். பெரியம்மையோ, நோயாளியைச் சுற்றியுள்ளவர் அனைவருக்கும் அம்மை குத்தியதனால் 1975-ஆம் வருஷத்தோடு இந்தியாவை விட்டு நீங்கிற்று. 1980-ஆம் வருஷம் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயிரமாயிரம் வருஷங்களாக மனிதர் நடுங்கிய நோய் ஒன்று அடியோடு போயிற்று என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தல் நன்று. தைரியத்திற்கு அதனினும் சிறந்த கதை இல்லை.

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். நோய்க்காலத்தில் ஜனங்கள் தெய்வத்தை நாடியது இயல்பே. வேண்டுதலால் மனம் ஆறுமாயின் அது நல்லதே. விளக்கேற்றி வணங்கியவர் அக்கையோடே தண்ணீரைக் காய்ச்சவும் ஊசி போட்டுக்கொள்ளவும் செய்தால் இரண்டிற்கும் விரோதமில்லை.

பயந்த கைகளுக்கு வேலை

1971-ஆம் வருஷம் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்தில் தங்கியபோது, போன்காவ் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பின் வழியாக ஏற்றும் உப்புநீர் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தனர். உறவினர் செய்வதறியாது அழுதனர். அங்கு பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளியின் தாயோ தமையனோ குவளையில் பிடித்து விடாமல் புகட்டிவரும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நோயில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் இரண்டு. அந்நீர் உயிரைக் காத்தது என்பது ஒன்று. அதுவரை அலறி அழுத கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது என்பது மற்றொன்று. மரணத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருக்கும்போதே பயம் பெருகுகிறது; ஒரு குவளையைக் கையிற் கொடுத்தால் அப்பயம் சிசுருஷையாக மாறுகிறது.

ஆகையால் இம்முறையை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் உத்தமம். அது கைவசமில்லாதபோது காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில், தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும். உப்பு அளவு மீறலாகாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. இதைப் புகட்டிக்கொண்டே நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மனத்தை நிலைநிறுத்தும் உபாயங்கள்

பயம் மிகும்போது நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், மூச்சு முட்டும், வயிறு கலங்கும், தூக்கம் வராது. இவற்றையே நோயின் குறிகள் என்று மயங்கி மேலும் பயப்படுவோர் உண்டு. அப்பொழுது உட்கார்ந்து, மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிட்டுச் சில நிமிஷம் இருந்தால் படபடப்பு பெரும்பாலும் தணியும். தணியாமல் மூச்சுத்திணறல் நீடித்தாலும், காய்ச்சல் கண்டாலும் தாமதமின்றி வைத்தியரிடம் போகவேண்டும்.

செய்தியைக் காலை ஒருமுறை மாலை ஒருமுறை என வரையறுத்துக்கொள்ளுதல் நலம். நாள் முழுவதும் கைப்பேசியில் வரும் வதந்திகளைப் பார்த்திருப்பது புண்ணைச் சொறிவதற்கு ஒப்பாகும். கேட்ட செய்தியைப் பிறருக்குச் சொல்லுமுன், இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று வினவுதல் வேண்டும்.

எழுந்திருத்தல், குளித்தல், உண்ணுதல், உறங்குதல் ஆகியவற்றை வழக்கமான வேளையில் செய்துவருதல் மனத்திற்கு ஊன்றுகோல். மதுவினால் கவலை தீர்வதில்லை, மறுநாள் இரட்டிக்கிறது. குழந்தைகளிடம் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒன்றும் சொல்லாவிடில் அவர்கள் நடந்ததைவிடக் கொடியதைக் கற்பித்துக்கொள்வர்.

நோய்க்காலத்தில் உறவினரின் ஈமக்கிரியையை முறைப்படி செய்ய இயலாமற்போனவர்களின் துக்கம் ஆறாது நிற்பதுண்டு. நிலைமை சீரானபின் பந்துக்கள் கூடி, இறந்தவரை நினைத்து, விட்டுப்போன சடங்கை ஒருநாள் நடத்துதல் அத்துக்கத்தை ஆற்றும்.

இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமின்றியோ, வேலையில் மனம் செல்லாமலோ இருப்பவர் வைத்தியரை நாடவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது. அவரை அருகிலுள்ளோர் தனியே விடலாகாது. 2022-ஆம் வருஷம் அக்டோபரில் இந்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் என்னும் ஏற்பாட்டில் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஊரார் கடமை

ஒரு கிராமத்தில் நள்ளிரவில் ஒருவருக்குப் பேதி கண்டது என்று கொள்ளலாம். ஊர் தம்மை ஒதுக்கிவிடும் என்று அவ்வீட்டார் அஞ்சினால் கதவைச் சாத்திக்கொள்வர். விடியுமுன் நோயாளி இறப்பார். அவர் துணி குளத்தில் அலசப்படும். மறுவாரம் பத்து வீடுகளில் நோய் காணும். அதற்கு மாறாக, சொன்னால் ஊர் உதவும் என்ற நம்பிக்கை இருப்பின் கதவு திறக்கும், வண்டி வரும், உயிர் பிழைக்கும், குளமும் காப்பாற்றப்படும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அயலாரின் ஒரு வார்த்தையே.

ஆதலின் நோயில்லாத நல்ல காலத்திலேயே ஒவ்வொரு கிராமத்தாரும் நான்கு காரியங்களை முடிவுசெய்துகொள்ளுதல் வேண்டும். மெய்யான செய்தியை அறிந்து ஊருக்குச் சொல்ல ஒருவர். நோயாளியைக் கொண்டுசெல்ல ஒரு வண்டி. அடைபட்ட வீட்டிற்கு அரிசியும் பாலும் கொண்டு வைக்க இரு வாலிபர். தனித்திருக்கும் முதியோரைத் தினம் ஒருமுறை வாசலில் நின்று விசாரிக்க ஒரு பெண்மணி. இவ்வளவும் செய்யப் பணம் அதிகம் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் சாவடியில் கூடிப் பேசினால் போதும்.

நோய் மறுபடியும் வரக்கூடும். அது வரும் நாளில் கதவைச் சாத்தும் ஊராக இராமல், கதவைத் தட்டி விசாரிக்கும் ஊராக ஒவ்வொரு கிராமமும் விளங்குமாக.