விலைக்கு இல்லாத கிட்டார்

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



மாடம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அண்மையில் என்னைப் பார்க்க வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வெளிநாட்டில் நல்ல வேலை. அவர் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு, பெயரை மட்டும் தவிர்த்து, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவருக்கு எலக்ட்ரிக் கிட்டார்களைச் சேகரிப்பதில் தீராத ஆசை. 1952-இல் அறிமுகமான லெஸ் பால், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று பேர்போன வகைகளில் பதினொரு கிட்டார்கள் வைத்திருக்கிறார். "ஃபாதர், வாங்கின அன்னிக்கு ஒரு மணி நேரம் வாசிப்பேன். அப்புறம் அது பெட்டிக்குள்ள போயிடும். அடுத்ததைத் தேட ஆரம்பிச்சிடுவேன்" என்றார்.

அந்த ஆசைக்கு விதை விழுந்தது மாடம்பாக்கத்தில்தான். அவர் தெருவில் ரயில்வே ஊழியர் ஒருவர் இருந்தார். ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்கத்தாவில் செய்த ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான் அவருடைய சொத்து. சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, அந்த ஒரே கிட்டாரை முறைவைத்துக் கொடுப்பார்.

எலக்ட்ரிக் கிட்டாரின் உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலியாக்கும். இணைப்பு இல்லையென்றால் பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கரண்ட் போய்விட்டால், பிள்ளைகள் கிட்டாரின் மரத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்பார்களாம்.

அந்த மனிதர் காசு வாங்கியதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கத்துக்கிட்டா, நீயும் நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும் தம்பி."

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து நம் நண்பர் ஊருக்கு வந்தார். அவர் அன்று ஏறிப்போன மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-லேயே நின்றுவிட்டது. பேரூராட்சியாக இருந்த மாடம்பாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஏரி இருக்கிறது, சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. அவர் விளையாடிய வயல் இல்லை, குடியிருந்த வீடு இல்லை. கிட்டார் கற்றுக்கொடுத்தவரும் இறந்துவிட்டார். அவருடைய துணைவியார் மட்டும் இருந்தார்.

"அம்மா, அந்தக் கிட்டார் இன்னும் இருக்கா? என்ன விலைன்னாலும் குடுத்துடறேன்" என்று கேட்டிருக்கிறார்.

"அது வீட்டுல எங்கப்பா இருக்கு? பாட்டுக் கிளாஸ் பசங்க கையிலதான் சுத்திக்கிட்டு இருக்கு. விலைக்கெல்லாம் இல்ல. பாக்கணும்னா சனிக்கிழமை வா."

இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. "ஃபாதர், என்கிட்ட பதினொண்ணு இருக்கு. ஒருத்தருக்குக்கூட நான் சொல்லிக் குடுக்கல. அவர்கிட்ட இருந்தது ஒண்ணுதான்."

அன்பார்ந்தவர்களே, சேர்த்துவைப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் ஏன் சேர்க்கிறோம் என்று கேட்டுப்பார்ப்போம். அந்த நண்பர் கடைகடையாகத் தேடியது திண்ணையில் கேட்ட அந்த ஒலியைத்தான். அதை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நம்பினார். ஊரையும் அப்படித்தான் நினைத்தார், விட்டுப்போன இடத்தில் அப்படியே காத்திருக்கும் என்று.

இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் இறந்தபோது, ரகுமானுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்தவை அப்பாவின் இசைக்கருவிகள். அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் தாய் குடும்பத்தை நடத்தினார். அப்பாவின் நினைவு என்று பூட்டிவைத்திருந்தால் யார் பசியாறியிருப்பார்? வெளியே போய் உழைத்த கருவிகள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டன.

நம் ஆண்டவரும் தாம் வளர்ந்த ஊருக்குத் திரும்பி வந்தார். லூக்கா நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளேட்டை அவர் கையில் கொடுத்தார்கள். விரித்தார், வாசித்தார், சுருட்டினார், ஏவலரிடம் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கடைசிச் செயலை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பெற்றதை ஒலிக்கச் செய்துவிட்டு, அடுத்தவர் கைக்குத் திருப்பிக் கொடுக்கிறார் இயேசு. ஊராரோ அவரைத் தங்களுக்கே உரியவராக ஆக்கிக்கொள்ளப் பார்த்தார்கள். அது நடக்காதபோது, அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள்.

நம் நண்பர் அந்தச் சனிக்கிழமை போனார். தம்முடைய கிட்டார்களில் இரண்டை அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அந்த அம்மா, "அனுப்புறது இருக்கட்டும். இன்னிக்கு உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றாராம். அந்தப் பழைய கிட்டாரை மடியில் வைத்து, ஒரு சிறுமியின் விரல்களைத் தந்தியில் சரியாக வைத்துக் கொடுத்தார். இருபத்தேழு ஆண்டுக் கடனில் முதல் தவணை.

நம் வீட்டு அலமாரியில் எது பூட்டிக் கிடக்கிறது? நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? அவரிடம் நாம் சொன்ன வாக்கு என்ன? இந்த வாரம் ஒரு சனிக்கிழமை நமக்கும் வரும். வாசிக்காமல் விட்ட தந்தி துருப்பிடித்துவிடும். அதற்குள் எடுத்து ஒருவர் கையில் கொடுப்போம். அதற்கான மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.