மருந்தளக்கும் பொறி



சென்ற கோடையில் என் பழைய மாணவர் ஒருவர் அரியலூரிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். அமெரிக்காவில் பொறியாளராகப் பணிபுரிகிறவர். அங்கே குறிபார்த்துச் சுடும் கழகமொன்றில் உறுப்பினர். காப்பி அருந்திக்கொண்டே, "ஐயா, தோட்டாவுக்கு மருந்து அளந்து கொட்டும் தானியங்கிப் பொறி ஒன்று வாங்கவேண்டும். மூன்று வகைகள் கடையில் இருக்கின்றன. எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

"தம்பி, நான் கரும்பலகைக்கு முன் நின்று காலங்கழித்தவன். துப்பாக்கியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"துப்பாக்கியைப் பற்றி நான் கேட்கவில்லை ஐயா, தராசைப் பற்றிக் கேட்கிறேன்" என்றார் அவர்.

அந்த விடை என்னை மடக்கிவிட்டது. அன்று நாங்கள் பேசியவற்றை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே கூறிவிடுகிறேன். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டாவாக்கிக்கொள்வது அந்நாட்டில் பலரும் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை. நம் நாட்டிலோ, உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். நம்மவர் வீட்டில் முயலத்தக்க காரியமன்று அது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நம் மாவட்டத்து விரகாலூரில், வெடி தயாரிக்கும் இடத்தில் நேர்ந்த விபத்தில் பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே மருந்தை விட்டுவிடுவோம். அதை அளக்கும் அறிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நான் சிறுவனாக இருந்தபோது பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அறுவடை முடிந்த கரிசல் காட்டில் நரிக்குறவர் ஒருவர் கௌதாரி வேட்டைக்கு வருவார். தோளில் நீண்ட நாட்டுத் துப்பாக்கி. இடுப்பில் கரிமருந்துச் சுரை. அதனுடன் நூலில் கட்டிய ஒரு சிறு குப்பி. அந்தக் குப்பி நிறைய மருந்தெடுத்து, விரலால் தலைதட்டிக் குழலில் கொட்டி, கோலால் இடிப்பார். ஒருநாள் நான், "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் தூரம் போகுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "குப்பிதான் சாமி கணக்கு. ஆசை கணக்கில்லை" என்றார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அந்த வேட்டை முடிவுக்கு வந்தது. குப்பி மட்டும் என் நினைவில் நின்றுவிட்டது.

அவர் மருந்தை எடையிட்டதில்லை. முகந்தே அளந்தார், அது போதுமானதாகவும் இருந்தது. கரிமருந்து கொள்ளளவால் அளப்பதற்கு இசைந்த பொருள். ஆனால் இக்காலத் தோட்டாவில் இருப்பது அதுவன்று. 1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். சில ஆண்டுகளில் நோபலும் தமக்கொரு கலவையைச் செய்தார். ஆங்கிலேயர் கார்டைட் என்னும் இழை வடிவ மருந்தை உருவாக்கினர். நம் நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள பழைய மருந்துத் தொழிற்சாலை இந்தக் கார்டைட்டின் பெயரையே தாங்கியது.

இம்மருந்தின் இயல்பு விந்தையானது. சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற இது இன்னும் விரைந்து எரியும்; விரைந்து எரிவதால் அழுத்தம் மேலும் ஏறும். எனவே அளவு சிறிது கூடினால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட மிகையாகக் கூடும். குழலின் பின்புறமோ சுடுபவரின் கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில்கூட இல்லை. குறைந்தாலும் தீங்குதான்: குண்டு பாதிக் குழலில் நின்றுவிடலாம், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும்.

இங்கே அளவு என்பது எவ்வளவு சிறியது தெரியுமா? இதற்கு வழங்கும் அலகு கிரெயின். தானிய மணியின் பெயரால் வந்த பழைய ஆங்கில அலகு அது. ஒரு பவுண்டுக்கு 7,000. நம் கணக்கில் ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் தேறும். சிறிய துமுக்கித் தோட்டா ஒன்றில் இருப்பது ஒன்றரை கிராம் அளவு மருந்து. அதை 0.1 கிரெயின் பிசகாமல் அளக்கவேண்டும் என்கிறார் என் மாணவர். அதாவது, ஒரு குன்றிமணியை இருபது கூறாக்கி, அதில் ஒரு கூறு!

இனி அவர் சொன்ன மூன்று வகைக்கு வருவோம்.

முதல் வகை முகத்தலளவை. உருளையில் ஒரு குழி. திருகினால் குழி சிறுக்கும், பெருகும். கைப்பிடியைச் சுழற்றினால் குழி நிறைந்து கொட்டும். நரிக்குறவரின் குப்பிக்கு இரும்பில் செய்த பேரப்பிள்ளை என்று சொல்லுங்கள். விரைவானது, விலை குறைந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல். நம் வீட்டில் கம்பையும் நெல்லையும் படியால் அளந்து பாருங்கள். கம்பு உருண்டையானது, வழுவழுப்பானது. பத்துப் படி அளந்தாலும் பத்தும் ஏறத்தாழ ஒரே எடை நிற்கும். நெல் நீண்டது, சொரசொரப்பானது. ஒன்றின் மேலொன்று குறுக்காகக் கிடந்து நடுவே வெளி விடும். குலுக்கினால் அமுங்கும், குலுக்காவிட்டால் நிமிரும். மருந்திலும் உருண்டை மணி உண்டு, குச்சி மணி உண்டு. உருண்டை மணிக்கு உருளைப் பொறி போதும். குச்சி மணியோ குழியின் விளிம்பில் சிக்கி வெட்டுப்படும். அளவு ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். என் மாணவர் பயன்படுத்துவது குச்சி மணி. ஆகவே முதல் வகை தனியே அவருக்கு ஆகாது.

மற்ற இரண்டும் நிறுத்தளப்பவை. தாமாகவே அளந்து கொட்டுபவை. இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்று காணப் பெரிய நாடொன்றும் போகவேண்டியதில்லை. நம் அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகளுள் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். மூட்டை கட்டும் பொறியில் 50 கிலோ சாக்கு மாட்டப்படும். முதலில் சிமெண்டு வெள்ளம்போல் பாயும். அளவு நெருங்கியதும் ஒழுக்கு மெலியும். 50 ஆகுமுன்னரே வாய் மூடிக்கொள்ளும். ஏன் முன்னரே? வாயை விட்டுப் புறப்பட்டுச் சாக்கைச் சேராமல் நடுவழியில் இருக்கும் சிமெண்டுக்கும் கணக்கு உண்டல்லவா? மருந்துப் பொறியிலும் இதே ஏற்பாடுதான். மோட்டார் சுழற்றும் குழாய் முதலில் வேகமாகக் கொட்டும், பிறகு மெல்ல, முடிவில் ஓரிரு மணிகளாகச் சொட்டும். 50 கிலோவுக்கும் ஒன்றரை கிராமுக்கும் இயல் ஒன்றே.

அடியில் இருக்கும் தராசில்தான் வேறுபாடு. இரண்டாம் வகையில் ஓர் உலோகத் துண்டு பாரத்தால் இம்மியளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே எண்ணாகத் தெரிகிறது. மூன்றாம் வகையில், காந்தப் புலத்திலுள்ள கம்பிச் சுருள் ஒன்று தட்டைத் தாழவிடாமல் தாங்கி நிற்கிறது. தாங்குவதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ அதுவே எடை. இது நுட்பத்தில் உயர்ந்தது. விலையிலும் பன்மடங்கு உயர்ந்தது.

"மூன்றாவதே சிறந்ததென்றால் அதையே வாங்கிவிடட்டுமா?" என்றார் அவர். நான் உடனே விடை சொல்லவில்லை. வேறொரு கதையைச் சொன்னேன்.

நான் வேதியியல் கற்பித்த ஒரு பள்ளிக்கு, முதன்முதலாக எண்காட்டும் மின்தராசு வந்தது. அதை ஜன்னலோரம், மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். பெருமைதான் காரணம், வருவோர் போவோர் கண்ணில் படட்டுமே என்று! செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி, பழைய இருதட்டுத் தராசில் நிறுத்து ஒரு விடை எழுதியிருந்தாள். நான் மின்தராசில் நிறுத்துப் பார்த்தேன். எண் வேறாக வந்தது. அவளுடைய விடையைச் சிவப்பு மையால் அடித்தேன். "ஐயா, நான் இருமுறை நிறுத்தேன்" என்றாள். "பொறி பொய் சொல்லாது" என்றேன். மறுவாரம் எடைக்கல்லை அதில் வைத்துப் பார்த்தபோது, பொறி சொன்னது பொய் என்று தெரிந்தது. மதிப்பெண்ணைத் திருத்தினேன், வகுப்பின் முன்னிலையில் அவளிடம் வருத்தமும் தெரிவித்தேன். ஆனால் அந்த ஒரு வாரம் அவள் முகம் இருந்த இருப்பை இன்றளவும் மறக்க முடியவில்லை.

எண் நுட்பமாகத் தெரிவது வேறு. மெய்யாக இருப்பது வேறு. மூன்று தசமம் காட்டும் பொறி மூன்று தசமத்திலும் பிழைபடலாம். விசிறிக் காற்று, அறையின் சூடு, பக்கத்திலுள்ள கைப்பேசி, வறண்ட நாளில் தோன்றும் நிலைமின்சாரம் ஆகிய எதுவும் இந்தத் தராசுகளைக் கலைக்கும். என் பள்ளியில் போனது ஒரு மதிப்பெண், வந்தது. அவருக்குக் கண் போனால் திருத்த முடியுமா?

பிறகு அவரைக் கேட்டேன்: "எவ்வளவு தூரம் சுடுகிறாய்?" நூறு, இருநூறு மீட்டர் என்றார். அவ்வளவு தூரத்திற்கு 0.1 கிரெயினே ஏராளம். ஆயிரம் மீட்டரளவில் சுடுபவர்க்கே மூன்றாம் வகையின் நுட்பம் பயன் தரும். எனவே இரண்டாம் வகையை வாங்கச் சொன்னேன். மீதிப் பணத்தில் நல்ல சோதனை எடைக்கற்களும், மின்சாரம் வேண்டாத ஒரு கோல்தராசும் வாங்கச் சொன்னேன். பத்துத் தோட்டாவுக்கு ஒன்று கோல்தராசில் ஏறவேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒத்தால்தான் வேலை தொடரவேண்டும்.

பொறியைத் தெரிந்தெடுக்கும்போது விற்பவர் முழங்கும் வேகத்தைப் பாராதே என்றும் கூறினேன். ஒன்றுக்கு இருபது நொடி ஆனாலென்ன, முப்பது ஆனாலென்ன? அளவு மீறினால் கூவி அறிவிக்கிறதா, கொட்டும் வேகத்தை மணிக்கேற்ப மாற்ற இயலுமா, தட்டின்மேல் காற்றுத் தடுப்பு உண்டா என்று பார். எல்லாவற்றிலும் முதன்மையாக, மருந்துக் கூடை எளிதில் முழுதும் காலியாகிறதா என்று பார். நேற்றைய மருந்து சிறிது தங்கி, இன்றைய வேறு மருந்தோடு கலந்தால் எந்தத் தராசும் அதைக் கண்டுபிடிக்காது. எடை சரியாகவே இருக்கும். மேலும் சிலவகை மருந்துகள் தங்கினால் கூடையின் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். கரிமருந்தை மின்பொறியில் இடவே கூடாது. இதைப் பொறியோடு வரும் ஏட்டிலேயே எழுதியிருப்பார்கள். நம்மில் யார் அந்த ஏட்டைப் படிக்கிறோம்?

அவர் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் சொன்னபடியே வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் எடைக்கல்லை வைத்துப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறாராம். அந்த ஏட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். வரிசையாக எண்கள், கடைசி வரியில், "0.2 கூடுதல். இன்று வேலை இல்லை" என்றிருந்தது.

விசிறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.